மூன்று விரற்கடை

போன வாரம் தறித் தச்சர் பச்சையப்பனைத் தணிகாசலம் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனோம். பாவம் மனுஷர், கையில் அளவுகோலோடு ஏழு நாளாக நிற்கிறார். அதற்குள் கோபம் ஆறியிருக்கும் என்று நீங்கள் நினைத்திருந்தால் பச்சையப்பனை உங்களுக்குத் தெரியாது.

"வெளிய வாங்கண்ணா! டீக்கடையில பேசினதை என் மூஞ்சிக்கு நேரா பேசுங்க!"

காலை ஏழு மணி. ஆரணியில் அந்தத் தெருவில் வழக்கமாக இந்நேரம் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கும். இன்று ஒரு தறியும் ஓடவில்லை. தெருவின் காது மொத்தமும் இந்த வாசலில்தான் இருந்தது.

சண்டை வந்த கதை இதுதான். தணிகாசலத்தின் மகள் இளமதிக்கு இன்னும் இருபத்தோரு நாளில் வந்தவாசியில் கல்யாணம். முகூர்த்தச் சேலையைப் பெண்ணைப் பெற்றவளே நெய்து கொடுக்க வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம். அம்மா ஸ்வர்ணலதாவுக்கு அறுபத்திரண்டு வயது. அரக்கு நிறப் பட்டில் எட்டு முழம் முடித்துவிட்டாள். ஐந்து முழம் பாக்கி. அந்த ஐந்து முழம்தான் நகர மாட்டேன் என்கிறது.

தறியில் உட்கார்ந்தால், நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் மரம் நெஞ்சில் இடிக்கிறது. கோணியை நாலாக மடித்துப் போட்டு உயரமாக உட்கார்ந்தால், குழிக்குள் இருக்கும் மிதிக்குக் கால் எட்டவில்லை. கோணியை எடுத்தால் மரம் மறுபடியும் நெஞ்சுக்கு வருகிறது. நடுவில் முதுகுவலி வேறு உயிரை வாங்குகிறது.

போன வருஷம் வீட்டுக்கு டைல்ஸ் போட்டபோது தறியைப் பிரித்து மறுபடி நட்டவர் பச்சையப்பன். "அவன் கை போயிடுச்சு, மரத்தை ரெண்டு அங்குலம் ஒசத்தி நட்டுட்டான்" என்று தணிகாசலம் டீக்கடையில் சொன்னார். டம்ளரில் சர்க்கரை கரைவதற்குள் அந்தச் செய்தி பச்சையப்பன் வீட்டுக்குப் போய்விட்டது.

ஊருக்கு அந்தப் பாட்டு. வீட்டுக்குள் தணிகாசலம் பாடியது வேறு. "உக்காந்து நெய்ய வணங்கல. தறி மேல சாக்கு, முதுகு மேல சாக்கு." இரண்டு வருஷமாக ஸ்வர்ணலதா இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தணிகாசலம் வெளியே வந்தார். அறுபத்தெட்டு வயது. பதினைந்து வருஷமாகத் தறியில் உட்காருவதில்லை, சேலை வியாபாரம்தான். கை ஓய்ந்துவிட்டது, வாய் ஓயவில்லை.

"காலங்காத்தால இன்னாடா பேஜாரு?"

"அளந்து காட்டறேன். என் கை பிசகியிருந்தா இந்தக் கோலை ஒடச்சு உங்க அடுப்புல வச்சுட்டுப் போறேன். பிசகலைன்னா அதே டீக்கடையில நின்னு நீங்க சொல்லணும்."

"அளடா, பாக்கலாம்!"

பச்சையப்பன் உள்ளே போனார். பின்னாலேயே பக்கத்து வீட்டுத் தலைகள் நாலைந்து ஜன்னலில் முளைத்தன.

அந்தக் கோலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தறி நடும்போது பச்சையப்பன் முதலில் அளப்பது மரத்தை அல்ல, அதில் உட்காரப் போகிற ஆளை. பலகையில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் கோலை நிறுத்தி, தலை உச்சிக்கு ஒரு வெட்டுக் குறி போடுவார். பலகையிலிருந்து குதிகாலுக்கு இன்னொரு குறி. அந்த இரண்டையும் வைத்துத்தான் மரம் எவ்வளவு உயரம், குழி எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்வார். இந்தத் தெருவில் பாதிப் பேருடைய உடம்பு அந்தக் கோலில் இருக்கிறது.

பச்சையப்பன் மண்டியிட்டுத் துணி மரத்தை அளந்தார். குழியை அளந்தார். மிதியை அளந்தார். முகம் தீபாவளி ஆனது.

"வந்து பாருங்கண்ணா! இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தி எந்த அளவோ அதே அளவு. நூல் பிசகல!"

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். தணிகாசலத்தின் காது சிவந்தது.

"அப்புறம் ஏன்டா அவளுக்கு இடிக்குது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அண்ணி, நீங்க உக்காருங்க."

ஸ்வர்ணலதா முந்தானையைச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். பச்சையப்பன் முதலில் காலை அளந்தார். பழைய குறியில் கச்சிதமாக நின்றது. பிறகு கோலை முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார். உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அப்படியே கோலுக்குக் கொண்டுபோனார்.

மறுபடியும் அளந்தார்.

"அண்ணி, நல்லா நிமிருங்க."

"நிமிர்ந்துகினுதாம்பா இருக்கேன். இதுக்கு மேல நிமிர்ந்தா வலிக்குது."

மூன்றாவது தரமும் அளந்தார். கோபமாக வந்த மனுஷருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குறிக்கும் கைக்கும் நடுவில் மூன்று விரலை வைத்துக் காட்டினார்.

"மூணு விரக்கடை கொறையுது."

"கோல் வளந்திருக்கும்!" என்று தணிகாசலம் சிரித்தார்.

"வெட்டின மரம் வளருமாண்ணா?"

சமையலறை வாசலில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த கீதா நிமிர்ந்து பார்த்தாள். கீதா இந்த வீட்டு மருமகள். புருஷன் பார்த்திபன் சேலை மூட்டையோடு சென்னைக்குப் போயிருக்கிறான். கீதாவுக்கு ஊருக்குள் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

"பச்சையப்பண்ணா, இன்னொரு தரம் சொல்லுங்க. கால் அளவு சரியா இருக்கா?"

"அச்சு அசலா இருக்கும்மா."

"உக்காந்த அளவு மட்டும் கொறையுது?"

"அதான் எனக்கும் புரியல. ஆள் கொறைஞ்சா மேலயும் கீழயும் கொறையணுமில்ல?"

கீதா டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்பதே சரி.

"அத்தே, போன தீபாவளிக்கு அரிசி மூட்டையை நகத்தினீங்களே, அப்பதானே முதுகு புடிச்சுகிச்சு?"

"ஆமா. மளுக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது. உங்க மாமா தைலம் தேச்சு விட்டாரு, வாயுப் புடிப்புன்னாரு."

"அதுக்கு முன்னாடியும் வலி இருந்துது?"

"ரெண்டு வருஷமா சொல்லிகினுதான் இருக்கேன். யாரு காதுல வாங்கினாங்க?"

"கிளம்புங்க அத்தே. ஜல்தி."

"எங்கடி? இன்னிக்கு அரை முழமாவது நெய்யணும்!"

"எங்க சென்டருக்கு. தறி ஒசரல அத்தே. நீங்கதான் எறங்கியிருக்கீங்க. காலு நீளம் அப்படியே இருக்கு, முதுகுதான் கொறைஞ்சிருக்கு. முதுகெலும்பு சும்மா கொறையாது."

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஸ்கூட்டர் வேண்டாம், குலுங்கும் என்று கீதா ஆட்டோவைக் கூப்பிட்டாள். தணிகாசலம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார். பச்சையப்பனும் ஏறினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய கோல் ஆட்டோவுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்க, ஆரணி கடைத்தெரு வழி விட்டது.

சென்டரில் கீதாவே படம் எடுத்தாள். தினமும் முப்பது முதுகுகளைப் பார்க்கிற பெண். இன்று மட்டும், "மூச்சை இழுத்துப் புடிங்க" என்று மாமியாருக்குச் சொல்லிவிட்டுத் தானும் பிடித்துக்கொண்டாள்.

எலும்பு டாக்டர் ரேணுகாதேவி காலையில் அங்கே வருகிற நாள் அது. படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, இங்க பாருங்க. முதுகெலும்புல ஒவ்வொரு கட்டையும் தீப்பெட்டி மாதிரி சதுரமா இருக்கணும். இது சரி. இது சரி. இந்த ரெண்டையும் பாருங்க."

ஸ்வர்ணலதா பார்த்தாள். இரண்டு கட்டைகள் முன்பக்கம் நசுங்கி, மேலே யாரோ உட்கார்ந்து எழுந்த தீப்பெட்டி போல இருந்தன.

"ரெண்டும் ஒடஞ்சிருக்கு. ஒண்ணு பழசு. இன்னொண்ணு அந்த மூட்டையை நகத்தின அன்னிக்கு ஒடஞ்சிருக்கலாம். எலும்பு உள்ளுக்குள்ள தேய்ஞ்சு, சல்லடையா ஆயிடும். வெளியில ஒண்ணும் தெரியாது. அப்புறம் தும்மினாக்கூட ஒடையும்."

"ஒடஞ்ச எலும்போடயா நான் எட்டு முழம் நெய்தேன்?"

"நெய்திருக்கீங்க."

அடுத்து நடந்ததைத்தான் கீதா பார்த்திபனுக்குப் போனில் சொல்லும்போது நம்ப வைக்கப் பாடுபட்டாள். ஸ்வர்ணலதா அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று, புருஷன் பக்கம் திரும்பி, சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"பாத்தீங்களா? நான் சாக்கு சொல்லல! படமே புடிச்சுட்டாங்க பாத்தீங்களா? நான் சாக்கு சொல்லல!"

முதுகெலும்பு உடைந்ததற்குச் சந்தோஷப்பட்ட பெண்ணை டாக்டர் அன்றுதான் பார்த்திருப்பார். ஆனாலும் அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் குரல் இளகியது.

"உங்களுக்கு மட்டும் வந்ததுன்னு நெனைக்காதீங்கம்மா. உலகம் பூரா கணக்கு எடுத்துப் பாத்திருக்காங்க. வயசான பொம்பளைங்கள்ல மூணுல ஒருத்தருக்கு இது இருக்கு."

"மூணுல ஒண்ணா?" ஸ்வர்ணலதா கதவு வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விரலை நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டாள். "எங்க தெருவுல மட்டும் அப்ப எத்தினி பேரு? வயசானா கூன் விழும்னு சொல்லிகினு இருக்கோமே டாக்டர், அது இதுதானா?"

"நெறைய பேருக்கு இதுதான். ஆம்பளைங்களுக்கும் வருது, எட்டுல ஒருத்தருக்கு. அவங்க காட்ட வர்றதில்ல. விழுந்து இடுப்பு ஒடஞ்சப்புறம் தூக்கிட்டு வருவாங்க."

தணிகாசலம் இதைக் கேட்டாரா என்பது தெரியாது. அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நசுங்கிய கட்டைகள். ஆறு மாதம் அவற்றின் மேல் தைலம் தேய்த்துவிட்டு, எழுந்து நெய்யடி என்று அதட்டியவர் அவர்தான். அவருக்கு எங்காவது போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"இப்ப இன்னா பண்ணணும் டாக்டர்?" என்றாள் கீதா.

"வேலூர்ல எலும்பு அடர்த்தி பாக்கற ஸ்கேன் ஒண்ணு எடுத்துடுங்க. மருந்து நான் ஆரம்பிக்கறேன். இதுக்கு நல்ல மருந்து இருக்கும்மா, பயப்பட வேணாம். ஆனா மூணு மாசம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தறியில உக்காரக்கூடாது."

ஸ்வர்ணலதாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"இன்னும் அஞ்சு முழம் பாக்கி இருக்கு டாக்டர். இருபத்தோரு நாள்ல பொண்ணுக்குக் கல்யாணம்."

"மூணு மாசம்மா."

"தினம் ஒரு சாண் நெய்தா?"

"இன்னொரு கட்டை ஒடஞ்சா கல்யாணத்துக்கு நீங்க சக்கர நாற்காலியில வருவீங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஸ்வர்ணலதா பாக்கி முழத்தையும் மிச்ச நாளையும் விரலில் எண்ணிக்கொண்டே வந்தாள்.

தெரு விடுமா? ஆட்டோ நின்றதும் சூழ்ந்துகொண்டது. கீதா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், மூன்று பேரில் ஒருத்தி என்ற சொல் வாய்க்கு வாய் தாவி தெருக்கோடிக்குப் போனது. அப்புறம் எவளோ ஒரு புத்திசாலி கேட்டாள்:

"பச்சையப்பண்ணா, அந்தக் கோல்ல என் குறியும் இருக்குதில்ல?"

அவ்வளவுதான். வாசலில் ஒரு மணை வந்தது. மத்தியான வெயிலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு முதல்ல, அடுப்புல சோறு கிடக்குது என்று ஒருத்தி. தலைக் கொண்டையை அவிழ்த்துட்டு உக்காருடி, கள்ளக் கணக்குக் காட்டாத என்று இன்னொருத்தி. காலையில் கை போனவர் என்று பேர் வாங்கிய பச்சையப்பன், இப்போது அந்தத் தெருவிலேயே பெரிய டாக்டராக நின்று அளந்தார். கீதா சென்டருக்கு லீவு சொல்லிவிட்டு நோட்டில் பெயர் எழுதினாள்.

பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். நாலு பேர் தங்கள் குறிக்கு எட்டவில்லை. கூன் விழுந்தவள் என்று எல்லாருக்கும் தெரிந்த ஒருத்தி அதில் இருந்தாள். மற்ற மூவர் நேற்று வரை திடமாக நடமாடியவர்கள்.

"நாளைக்குக் காலையில நாலு பேரும் என்கூட வரணும். சமையல், தண்ணி லாரின்னு கதை சொன்னா நானே வீட்டுக்கு வந்து தூக்கிகினு போவேன்" என்றாள் கீதா. கீதாவுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது கல்யாணமாகி ஏழு வருஷத்தில் யாருக்கும் தெரியாது.

வாசலில் திருவிழா நடக்க, ஸ்வர்ணலதா உள்ளே தறிக்கு முன்னால் தனியாக நின்றாள். அரக்குப் பட்டில் ஜரிகை மின்னியது. எட்டு முழம். வெளியே ஆள் கொடுத்து நெய்து வாங்கலாம். இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் தன் அம்மா நெய்த சேலையில்தான் அவளுக்குத் தாலி ஏறியது. பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே. யாரும் பார்க்கவில்லை. மெல்ல ஒரு காலைக் குழிக்குள் விட்டாள்.

"எடு காலை."

தணிகாசலம் பின்னால் நின்றார்.

"ஒரே ஒரு சாண்..."

"எடுடின்றேன்."

"ஏங்க, பெத்தவ நெய்யணும்ங்க. வழக்கம்ங்க."

"பெத்தவன் நெய்யக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

ஸ்வர்ணலதா அவரைப் பார்த்தாள். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். திருப்பிப் போட்ட சட்டை, இப்போதுதான் நேரானது.

"பதினஞ்சு வருஷமாச்சு நீங்க தறி நாடாவைத் தொட்டு."

"மறந்துடுமா? எனக்கு எங்கப்பன் சோத்துக்கு முன்னாடி நாடாவைத்தான் கையில குடுத்தாரு." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு வருஷம் உன்னைச் சாக்கு சொல்றேன்னு சொன்னேன். தப்புதான். எனக்குத் தெரியலடி."

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் தப்பு என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்வர்ணலதா நகர்ந்து, அவருக்குப் பலகையைத் துடைத்துக் கொடுத்தாள். சந்தோஷம் தாங்காமல் வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"கீதா! ஓடியா! உங்க மாமா தறியில உக்கார்றாரு!"

கீதா வந்தாள். பச்சையப்பன் வந்தார். அளந்து முடித்த பெண்கள் அத்தனை பேரும் கதவில் அடைத்துக்கொண்டார்கள். தணிகாசலம் குழிக்குள் காலை விட்டார். முதல் மிதி தடுமாறியது. இரண்டாவது சரியாக விழுந்தது. நாடா குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்தது. நாலு ஓட்டத்தில் பழைய தாளம் கைக்கு வந்துவிட்டது. யாரோ கை தட்டினார்கள். ஸ்வர்ணலதா சின்னப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பதினஞ்சு நாள்ல முடிச்சுடுவேன்!" தணிகாசலத்துக்கு உற்சாகம் தலைக்கு ஏறியது. "டேய் பச்சையப்பா, நான் டீக்கடையில சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்டா! உன் கைதான்டா கை! மரம் எனக்குன்னே நட்ட மாதிரி இருக்குடா. நெஞ்சுல இடிக்கல. முழங்கை அப்படியே உக்காருது பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். பச்சையப்பன் சிரிக்கவில்லை.

அது தணிகாசலத்துக்கு நட்ட தறி அல்ல. ஸ்வர்ணலதாவின் முப்பத்தெட்டு வயது உடம்புக்கு நட்டது. நட்ட அன்றைக்கே தணிகாசலம் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்து, மரம் மடிக்குக் கிடக்கிறது, குள்ளத் தறி என்று கேலி செய்துவிட்டு எழுந்தவர்.

கீதாவின் பார்வை கீழே போனது. மாமனாரின் நீளமான கால்கள் குழிக்குள் இடம் போதாமல் மடங்கி, முழங்கால் மரத்தை முட்டிக்கொண்டிருந்தது. மேலே, அன்று மடிக்குக் கிடந்த அதே மரத்தில் இன்று முழங்கை கச்சிதமாக நின்றது. அவள் பச்சையப்பனைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே கோலை எடுத்துக்கொண்டு தணிகாசலத்தின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்.

"அண்ணா, கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க."

"நிமிர்ந்துதான்டா உக்காந்துகினு இருக்கேன்" என்றார் தணிகாசலம், நாடாவை நிறுத்தாமல்.